மாரிட் எழுதிய ‘அது’

டுலூத், பிப்ரவரி 9, 2009

அன்புள்ள டெல்லா,

நலம்தானே? நான் கிளிங்கான் மொழியில் எழுதும் கடிதத்தைச் சிவப்பு மை தடவாமல் ஒருமுறையாவது படித்திருப்பாயா? போகட்டும். மீன் பிடிக்கப் போன என் புருஷன் ஹார்லன், உறைந்த ஏரியில் பனி உடைந்து உள்ளே போனாரல்லவா? நாற்பது நிமிடம் தண்ணீருக்கடியில். பிழைத்ததே அதிசயம் என்றார் டாக்டர். அது வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. சாப்பிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.

உன் மாரிட்

அலென்டவுன், பிப்ரவரி 20

அன்புள்ள மாரிட்,

உன் புருஷன் உயிரோடு திரும்பியதை நினைத்து அழுதேவிட்டேன். ஆனாலும் என் வாத்தியார் புத்தி போகாது. விண்வெளிப் படத்துக்காக யாரோ உருவாக்கினதுதான் என்றாலும், நாம் ஆசையாகக் கற்ற நம் கிளிங்கான் மொழியில் ஆண், பெண் என்ற பேதமே கிடையாது. பேசுகிற உயிருக்கு ஒரு சொல், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. நீ கட்டின புருஷனுக்கு நாற்காலிக்குரிய சொல்லைப் போட்டிருக்கிறாய். அவருக்குப் பேச்சு நின்றிருந்தாலும் மனிதர் மனிதர்தான். ‘அவர்’ என்று திருத்திக்கொள். கோபமில்லையே?

டெல்லா

டுலூத், மார்ச் 3

அன்புள்ள டெல்லா,

கோபமில்லை. நான் எழுதியது பிழையுமில்லை. பேச்சும் நிற்கவில்லை, நாளெல்லாம் பேசுகிறது, அவர் குரலிலேயே. போன வாரம் நான் காரின் மேலிருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று பேசியது. குளிரில் என் வாயிலிருந்து மூச்சு ஆவியாக வந்தது. அதன் வாயிலிருந்து வரவில்லை.

இன்று காலை கேட்டுவிட்டேன். “நீ யாரு?”

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னது: “ஹார்லன் அந்த ஏரியிலேயேதான் இருக்காரு, மாரிட். தனியா இருக்க முடியலையாம். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவர், டெல்லா. போகக்கூடாது என்று தெரிகிறது. தெரிந்தும் என் பூட்ஸை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மாரிட்

அலென்டவுன், மார்ச் 9

மாரிட்,

கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். ஹார்லன் குரல். அவருக்குக் கிளிங்கானில் ஒரு சொல்கூடத் தெரியாது. தொண்டையில் முள் சிக்கினவர்கள் பேசுகிற மொழி என்று நம்மைக் கிண்டல் செய்தே காலம் கழித்தவர். நீ எங்கே என்று ஆங்கிலத்தில்தான் கேட்டேன். பதில் நம் மொழியில் வந்தது, என்னைவிடச் சுத்தமான உச்சரிப்பில்.

“அது தூங்குகிறது.”

உனக்குத்தான் நாற்காலிக்குரிய சொல்லைப் போட்டது; நான் திருத்தவில்லை. போனை வைத்துவிட்டு உங்கள் ஊர்ப் போலீசுக்குச் சொன்னேன். நாளை விமானத்தில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேராது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து நம் மொழியில் ஏதாவது பேசு, மாரிட். எத்தனை பிழை இருந்தாலும் சரி.

டெல்லா