சேலைக்கு மேல் சட்டை போட்டவள்

கம்பம்,
3.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உமாதேவி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள், அதனால்தான் இந்தக் கடுதாசி.

ஒன்பது வருசமாகியும் நீங்கள் எழுதிய சினிமாப் பாட்டு இங்கே ஓயவில்லை. கல்யாண வீடு, டீக்கடை, ஜீப் எல்லாவற்றிலும் அதுதான். "சேல மேல சட்ட போட்டவளே, கடைசி ஜீப்புல போறவளே" என்று, உங்கள் பெண்டாட்டி என்பதால் என்னைப் பார்த்துப் பாடுகிறார்கள். போன வாரம் பாப்பா பள்ளிக்கூடத்தில் என்னை மேடையேற்றிச் சால்வை வேறு போர்த்தினார்கள். எனக்குக் கூசியது. நான் என்றைக்கு மாமா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனேன்? எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கே அப்பா என்னை அனுப்பியதில்லை. பிறகு அவள் யார்?

உங்கள்
உமா


சென்னை,
10.11.2024

என் உமாவுக்கு,

கிறுக்கே, அவள் யாருமே இல்லை. மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையைத்தானே மாட்டிக்கொண்டு போகிறார்கள்? ஒவ்வொருத்தியும் அது தன் பாட்டு என்று நினைக்கிறாள். அதனால்தான் இன்னும் ஓடுகிறது. நம்பாவிட்டால் ஒருநாள் ஜீப்பில் ஏறிக் கேட்டுப் பார். பொங்கலுக்கு வருகிறேன். பாப்பாவுக்கு முத்தம்.

விஜயபாண்டி


கம்பம்,
24.11.2024

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஜீப்பில் போனேன். டிரைவர் பாட்டைப் போட்டதும் கேட்டேன். நீங்கள் சொன்னது நிசம். "என்னையப் பாத்துத்தேன் எழுதுனாக" என்று ஆளாளுக்குச் சண்டை. முருகம்மாள் என்று ஒரு அக்கா, பேரன் எடுத்தவர், வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். வீணாக உங்களைச் சந்தேகப்பட்டேனே என்று அழுகைகூட வந்தது.

என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. ஞானசெல்வியாம்.

"அண்ணே, அந்தப் பாட்ட அமத்துங்க. தல வலிக்குது" என்றாள்.

"அவ எப்பவும் இப்படித்தேன் ஆத்தா. இந்தப் பாட்டுன்னா ஆகாது" என்றார் முருகம்மாள்.

நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "குளிருதாக்கா? இங்கன தள்ளி உக்காருங்க" என்று இடம்விட்டாள். அப்போதுதான் அவள் சட்டையைப் பார்த்தேன். நீலக்கட்டம், நன்றாக வெளுத்திருந்தது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு, சிவப்பு நூலில் தைத்தது. கல்யாணமான புதிதில், வேறு நூல் கிடைக்காமல் நான்தான் தைத்தேன். பஸ்ஸில் பையோடு தொலைந்துவிட்டது என்றீர்களே, அந்தச் சட்டை.

கம்பம்மெட்டில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

பொங்கலுக்கு நீங்கள் வர வேண்டாம்.

உமாதேவி