டேங்க் மூடியில் சந்தனம்

அக். 21, செவ்வாய்
காலையில் தூறல். புல் கணுக்கால் வரை. புல் வெட்டும் மெஷின் பத்து நிமிடம் ஓடி நின்றது. ஆயுத பூஜைக்குப் பிறகு இரண்டாவது தடவை. என் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் போனபின் துருப்பிடித்துக் கிடந்தது, என்னைப் போலவே.
சைதாப்பேட்டை மெக்கானிக் யூசுஃப் பாய்க்கு போன். "இன்னா டீச்சர், திரும்ப மக்கர் பண்ணுதா? நாளைக்கு அபிராமபுரம் பக்கம் வரேன்."
வாங்க: இஞ்சி, பல்ப்.

அக். 22, புதன்
பாய் வந்தார். பிளக் புதுசு. கார்புரேட்டரை ஊதினார். கழற்றிய திருகெல்லாம் என் டபராவில். போன தடவை இரண்டு மீந்தது. "அது எக்ஸ்ட்ரா" என்றார்.
இஞ்சி டீ, சர்க்கரை இல்லாமல். மனைவி போய் ஆறு வருஷமாம். கேட்காமலே சொன்னார். தம்ளரை உடனே கழுவவில்லை.

அக். 25, சனி
வெயில். மெஷின் பத்தாவது நிமிடம் நின்றது. ஏனோ சந்தோஷம். வெட்கக்கேடு. பாய்க்கு போன். செவ்வாய் வருகிறாராம்.
பெங்களூரிலிருந்து மகள்: "அந்த ஆளுக்கு ரிப்பேரே தெரியலம்மா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கேன்."
பார்க்கலாம் என்றேன். கூட உட்கார்ந்து டீ குடிக்க ஆள் வேண்டும் என்று மகளிடம் எப்படிச் சொல்வது.

அக். 28, செவ்வாய்
மழை. யூசுஃப் வரவில்லை. கேட் வரை நாலு தடவை போய்ப் பார்த்தேன். நீலப் புடவை வீண்.

அக். 30, வியாழன்
யூ. வந்தார். பெட்ரோல் டேங்க் மூடியையே பார்த்தார். பூஜையன்று நான் வைத்த சந்தனப் பொட்டு அதில் கட்டியாகக் காய்ந்திருந்தது.
"டீச்சர், இத்த நீங்களே கொஞ்சம் தொடைங்களேன்."
துடைத்தேன். அடியில் ஊசித் துளை. காற்று போகிற வழியாம். அடைத்தால் பெட்ரோல் இறங்காதாம்.
"முன்னாடியே தெரியுமா?"
"போன தபாவே டவுட்டுதான். சாமிக்கு வெச்ச பொட்டு. நான் எப்டி தொட்றது?"
தோட்டம் முழுக்க வெட்டியும் நிற்கவில்லை. "இனிமே எனக்கு இங்க வேலையே இல்ல டீச்சர்." டீயை மெதுவாகத்தான் குடித்தார்.
போனபின் வீடு வெறிச்சென்று.

அக். 31, வெள்ளி
நல்ல வெயில். வெள்ளிக்கிழமை பூஜை. சந்தனம் கொஞ்சம் கெட்டியாகவே அரைத்தேன். படங்களுக்கு வைத்தது போக விரலில் மீதி. ஷெட்டுக்குப் போய் டேங்க் மூடிக்கு ஒரு பொட்டு, அதே இடத்தில்.
வாங்க: இஞ்சி.