பூமணி பெயர் சொல்லாத மூன்று படங்கள்

யூன் 7, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. காலையில் கூட்டிய வகுப்பறையில் இடைவேளைக்குள் மறுபடியும் புழுதி. குளத்துத் தண்ணீர் கீழே போய்விட்டது.

செய்ய வேண்டியவை:
சைக்கிள் பின் சில்லுக்குக் காற்று.
இரவெல்லாம் நுளம்பு கடிக்கிறது, வலை ஓட்டை தைக்க.
அம்மாவுக்குக் கடிதம். (போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்.)
ஐந்தாம் வகுப்புப் பெயர்கள் த.ஆ.வுக்கு. தலைமையாசிரியர் என்று முழுதாக எழுதும் அளவுக்கு இன்று அவர்மேல் மரியாதை இல்லை.

காரணம், நாளைக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். நுண்ணறிவுச் சோதனை. படித்ததைக் கேட்கமாட்டார்களாம், மூளை எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்களாம். இதற்கு த.ஆ. செய்த ஆயத்தம்: “எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைச்சுத் தோய்ஞ்சு வாங்கோ. மூளை குளிர்ந்தால்தான் வேலை செய்யும்.” சிரிக்கவும் முடியவில்லை, கூடவே நின்றேன்.

ஆனால் விளையாட்டில்லை. எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. தேறினால் மத்திய பாடசாலை. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். தேறாவிட்டால் ஆண்பிள்ளை வயலுக்கு, பெண்பிள்ளை குசினி அடுப்புக்கு.

பூமணி நிச்சயம். காட்டோரப் பழைய ஊர்ப் பிள்ளை. எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள் சைக்கிள் பாரில் வந்து இறங்கும்போது இவள் வாய்க்கால் வரம்பால் நடந்து வந்து முதல் ஆளாக நிற்பாள். ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள்.

இராசு தேறமாட்டான். சோம்பேறி. கொப்பியைப் பார்த்தால் எழுத்தெல்லாம் கோழி கிளறியது.

யூன் 8, செவ்வாய்

வெயில். வகுப்பறை முழுக்க நல்லெண்ணெய் வாசம்.

அதிகாரி மெலிந்த மனிதர், கறுப்புக் குடை. தொண்டைக்கு ஏதோ இனிப்பு சூப்பிக்கொண்டே இருக்கிறார். தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ்தான், பேச்சும் தன்மை. ஒவ்வொரு பிள்ளையாக த.ஆ.வின் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். பிள்ளைகளுக்குத் துணையாக நான் மூலைக் கதிரையில். வாய் திறக்கக்கூடாது. அதுதான் எனக்குப் பெரிய சோதனை.

முதலில் படப் புத்தகம், ஒவ்வொன்றின் பெயரும் சொல்ல வேண்டும். பிறகு கேள்விகள், கடைசியில் புதிர்கள். தொடர்ந்து மூன்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் அளவு அவ்வளவுதான் என்று புத்தகத்தை மூடிவிட வேண்டுமாம். அது விதி.

ஒரு கேள்வி: வீட்டில் பால் முடிந்துவிட்டது, என்ன செய்வாய்? கடைக்குப் போய் வாங்குவேன் என்றால் சரி. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர், “கண்டை அவிட்டு விடுவன்.” பிழை. கொழும்பில் கன்றுக்குட்டிக்கு என்ன வேலை!

இராசு புதிர்களை அவிழ்த்த விதத்தைப் பார்த்து அதிகாரி இனிப்புச் சூப்புவதை நிறுத்திவிட்டார். எனக்கும் வாய் பிளந்தது. இத்தனை நாளும் என் வகுப்பில் பின் வரிசை வாங்கில் கிடந்தது இந்தப் பிள்ளையா?

பிறகு பூமணி. கதிரை, விளக்கு, குடை, சேவல் எல்லாம் பட்பட்டென்று. அடுத்தது யானை. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இது என்ன, பிள்ளை?” பேச்சில்லை. பக்கம் திரும்பியது. கரடி. பேச்சில்லை. சிறுத்தை. தலையைக் குனிந்துவிட்டாள்.

மூன்று. புத்தகம் மூடப்பட்டது. பென்சிலால் ஒரு சொல் எழுதினார். மூலையிலிருந்தே தெரிந்தது: மந்தம்.

காட்டோரத்தில் பிறந்த பிள்ளைக்கு யானை தெரியாதா? யாரிடம் சொல்லி அழ?

யூன் 9, புதன்

காற்று இரவு முழுக்க. தகரம் அடித்துத் தூக்கமில்லை. காலையில் பூமணியைக் கண்டதும் ஆத்திரம்தான் வந்தது. “வாயில என்ன கொழுக்கட்டையோ?” என்று கேட்டேன். கண் கலங்கிற்று.

இடைவேளை. கிணற்றடியில் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. ஒருவன் கையைத் தும்பிக்கையாக நீட்டிக்கொண்டு “யானை வருது, யானை வருது” என்று ஓட, பூமணி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

“வாயை மூடடா! எங்கட அப்பு காட்டுக்கை நிக்கிறார்!”

கூப்பிட்டு விசாரித்தேன். மெல்ல மெல்லத்தான் வந்தது. தகப்பன் தேன் எடுக்கக் காட்டுக்குப் போயிருக்கிறார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு. அவர் திரும்பி வந்து படலையைத் திறக்கும்வரை வீட்டில் யாரும் அந்த மூன்றின் பெயரையும் வாயால் சொல்லமாட்டார்கள். சொல்வது கூப்பிடுவது மாதிரி. இங்கே கூப்பிட்டால் அங்கே அவர் முன்னால் வந்து நிற்குமாம்.

“அப்ப எப்பிடிச் சொல்லுவியள்?”

“பெரியவர், கறுப்பர், புள்ளிக்காரர்.”

“அதையாவது சொல்லியிருக்கலாமே?”

“அவர் பேரைச் சொல்லெண்டவர், ரீச்சர். அது பேரில்லையே.”

என் அம்மாவும் பொழுதுபட்டால் பாம்பைப் பூச்சி என்பவர்தான். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் இருந்துகொண்டே. எனக்கு அது நேற்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

புத்தகத்தில் மூன்றும் அடுத்தடுத்து. காட்டு மிருகங்களை ஒன்றாக வைப்போம் என்று யாரோ மேசையில் இருந்து அழகாக அடுக்கியிருக்கிறார்கள்.

வலை இன்னும் தைக்கவில்லை.

யூன் 10, வியாழன்

பள்ளி விட்டதும் கிளிநொச்சிக்குச் சைக்கிளில். எதிர்க்காற்று, சேலைக் கரை முழுக்கச் சிவப்பு மண். அதிகாரி தான் தங்கியிருக்கும் வாடிவீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கதிரை இழுத்துப் போட்டார். எல்லாம் சொன்னேன். சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார்.

“பிள்ளைக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும், ரீச்சர். தாளுக்குத் தெரியாதே.”

“அப்ப நீங்கள் எழுதிவிடுங்கோவன்.”

“இண்டைக்கு இவளுக்கு எழுதினால் நாளைக்கு ஆரோ ஒரு முதலாளியின்ர பிள்ளைக்கும் எழுதச் சொல்லுவினம். உங்கட இராசுவுக்காக ஆர் வந்து என்னோட கதைச்சது? ஒருத்தரும் இல்லை. இந்தத் தாள்தான் அவனைக் கண்டுபிடிச்சது.”

சுருக்கென்றது. உண்மை. இராசு தேறிவிட்டான், மிக மேலே. நானே பெயர்களைத் தெரிந்தெடுத்திருந்தால் அவனை விட்டிருப்பேன். அப்படியானால் தாள் நல்லதா? இராசுவுக்கு நல்லது. பூமணிக்கு? விடை தெரியவில்லை. வரும் வழியெல்லாம் இதையே போட்டு உழப்பிக்கொண்டு ஒரு மாட்டு வண்டியில் மோதப் பார்த்தேன்.

ஆனால் மனிதர் கடைசியில் இறங்கி வந்தார். சுகமில்லாத பிள்ளையை மறுபடி பார்க்க விதியில் இடம் இருக்கிறதாம். நாளைக் காலை கொண்டுவரச் சொன்னார், முதலில் இருந்து பார்ப்பதாக. பின்னேர ரெயிலில் தாள்கள் முத்திரை வைத்துக் கொழும்புக்குப் போகும். அதற்குப் பிறகு அவராலும் ஒன்றும் ஆகாது.

இப்போது வேண்டியதெல்லாம் இன்றைக்கே அந்தத் தகப்பன் வந்து சேருவது. திரும்பும் வழியில் பூமணி வீட்டுப் படலையில் நின்று கேட்டேன்.

தாய், “சொல்லேலாது பிள்ளை. தேன் கண்டால் நிப்பார், காணாட்டி இன்னும் உள்ளுக்குப் போவார். வந்தால்தான் வந்தது.”

யூன் 11, வெள்ளி

காற்று அடங்கிய காலை. அவர் வரவில்லை.

பூமணியைச் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், மறுபடியும் தலை நிறைய எண்ணெய். த.ஆ. சொன்னதை இன்னும் நம்புகிறாள். வழியெல்லாம் கெஞ்சினேன். விடுதியைப் பற்றிச் சொன்னேன், அலுமாரி அலுமாரியாகப் புத்தகம் என்று சொன்னேன்.

“ஒருக்கால் மெல்லமாச் சொல்லன். பக்கத்தில நிக்கிற எனக்கே கேளாமல்.”

பின்னாலிருந்து, “ரீச்சற்ற அப்பாவோ காட்டுக்கை நிக்கிறார்?”

சைக்கிளை மிதித்தேன்.

வாடிவீட்டு விறாந்தை. கதிரை, விளக்கு, குடை, சேவல். பிறகு யானை. இந்த முறை தலை குனியவில்லை. அதிகாரியை நேரே பார்த்துக்கொண்டு, “இவர் வந்தால் வாழை மிஞ்சாது. குட்டி நடுவில நடக்கும். காத்து எங்கட பக்கத்தில இருந்து அடிச்சால் மணம் பிடிச்சிடுவார்.” கரடிக்கும் சொன்னாள், சிறுத்தைக்கும் சொன்னாள். நான் வன்னிக்கு வந்த இவ்வளவு காலத்தில் கேட்டறியாத சங்கதிகள். அதிகாரி பென்சிலைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேர், பிள்ளை. பேரை மட்டும் சொல்லு.”

தலையாட்டினாள், இல்லை என்று.

அவர் என்னைப் பார்த்தார். விதியைப் பார்க்காமல் பக்கங்களைத் திருப்பி, மிச்சக் கேள்விகளையும் புதிர்களையும் கேட்டார். அநேகமாக எல்லாம் சரி. முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மெல்லச் சொன்னார். “இது என்ர ஆசைக்குக் கேட்டது, ரீச்சர். கணக்கில வராது. மூண்டோட நிக்குது.”

‘மந்தம்’ என்ற சொல்லை மட்டும் அழிறப்பரால் அழித்தார். எண் அப்படியே இருந்தது.

திரும்பும்போது பூமணி, “நான் நல்லாச் சொன்னனானே?” என்று கேட்டாள். நல்லாச் சொன்னாய் என்றேன். அது பொய்யில்லை.

பின்னேரம். ரெயில் கூவிக்கொண்டு தெற்கே போன சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வலையைத் தைக்க எடுத்துக்கொண்டு வாசலில் இருந்தேன். ஊசியில் நூல் ஏறவில்லை, கண்ணில் தண்ணீர்.

வாய்க்கால் வரம்பால் யாரோ ஓடி வருவது தெரிந்தது. பூமணி. பின்னல் அவிழ்ந்து, கையில் ஒரு போத்தல் தேன்.

“ரீச்சர்! அப்பு வந்திட்டார்! ஒண்டும் இல்லை, தேனீ மட்டும்தான் குத்தினது!”

போத்தலை என் மடியில் வைத்தாள். நேரே நிமிர்ந்து, வகுப்பில் பாட்டுச் சொல்ல நிற்பது போலக் கை கட்டிக்கொண்டாள்.

“யானை. கரடி. சிறுத்தை.”

மூச்சு வாங்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“மூண்டும் சொல்லிப்போட்டன். இனி எழுதுவார்தானே, ரீச்சர்?”

ஓம் என்றேன்.