பொன் பிறை வைத்த தலைக்கவசம்

என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி மூன்றாம் கிழமை, உங்கள் லொக்கரைக் காலி செய்யச் சொல்லி மியூசியத்திலிருந்து அழைத்தார்கள். இருபது வருடம் நீங்கள் காவல் நின்ற இடத்துக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவனுக்கு மியூசியம் எதற்கு என்று வாயடித்தவன்தானே நான்.

உங்களோடு வேலை செய்த ரமணன் என்னை ஜப்பான் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குள் சாமுராய் வீரன் ஒருவனின் கறுப்புத் தலைக்கவசம். அதன் நெற்றியில் பெரிய பொன் பிறை.

"உங்கட அண்ணை இதைச் சிவன்ரை பிறை எண்டுதான் முதல் நினைச்சவர். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முன்னம் கும்பிடுவார். சண்டைக்குள்ள முகம் தெரியாது, ஆளை அடையாளம் காணத்தான் இந்தச் சின்னம் எண்டு பேந்து நான் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் இன்னும் கனநேரம் நிண்டவர்."

"என்ன கேட்டுக் கும்பிடுவார்?"

"ஒண்டும் கேக்கிறேல்லை. தம்பியின்ரை பேரை மட்டும் கூப்பிடுவார்."

அது என் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் கடைக்குட்டி குமரன், ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அவனுக்குக் கிரியை செய்துவிடுவோம் என்று நான் சொன்னபோது, "அவன் செத்ததை நீ கண்டனியோ?" என்று கத்தினீர்கள். நான் உங்களைப் பைத்தியம் என்றேன். ஐந்து வருடம் வில்லரேயில் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு பேசாமல் இருந்தோம். அந்தச் சொல்லை இனி யாரிடம் போய்த் திருப்பி எடுப்பேன்?

குனிந்து பார்த்தேன் அண்ணை. பிறைக்குக் கீழே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. உள்ளிருந்து யாரோ என்னைப் பார்த்தார்கள். சத்தியமாகப் பயந்துபோனேன். அன்றிலிருந்து கதவு மணி அடித்தால், அவனோ என்று ஓடிப்போய்த் திறக்கிறேன். நீங்கள் இத்தனை வருடமும் இப்படியா இருந்தீர்கள்?

நேற்று முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி. கல்யாணம் கட்டாத உங்களுக்குக் கொள்ளி வைத்தவனும் நான்தான், கிரியைக்கு இருந்தவனும் நான்தான். ஐயர் கேட்டார்: "குடும்பத்தில முதல் செத்தவையின்ரை பேரையும் சொல்லுங்கோ, சேர்த்துச் செய்வம்."

நான் இத்தனை காலம் கேட்டு நின்றது அதைத்தான். தடுக்க நீங்களும் இல்லை. அப்பா பெயரைச் சொன்னேன், அம்மா பெயரைச் சொன்னேன்.

"வேற?"

"வேற ஒருத்தரும் இல்லை ஐயா."

இனி நான் பார்த்துக்கொண்டிருப்பேன் அண்ணை. அவன் வந்தால், கடைசிவரை நீங்கள் அவனைச் சாகவிடவில்லை என்று சொல்லுவேன்.

உங்கள் தம்பிமார் இருவரில்
மூத்தவன்