செம்பருந்துக் கூட்டில் ஊதாக் கம்பளி

பிப்ரவரி 9, 1985

மேல் வயலில் பனி இன்னும் கிடக்கிறது. காய்ந்த புல் கட்டை நானே தோளில் போட்டுக்கொண்டு போனேன். தம்பி இத்தெல் இருந்திருந்தால், "அக்கா, உன் இடுப்பு ஒடிஞ்சா கவுல் யாரு வைப்பா?" என்று பிடுங்கிக்கொண்டிருப்பான். என் மேல் அக்கறை இல்லை, கவுல் சூப்பின் மேல் அக்கறை.

போன மாதம் புயல் வருகிறது என்று தெரிந்தே, பிரிந்துபோன ஆடுகளைத் தேடி மலைக்குப் போனான். மறுநாள் காலையில் நாய் மோட் மட்டும் பண்ணையின் மேல் கதவு வழியாக வந்தான். பாதமெல்லாம் ரத்தம். போலீஸ், மீட்புக்காரர்கள், பள்ளத்தாக்கு ஆண்கள் எல்லோரும் மேல் கதவுக்கு மேலே வடக்குச் சரிவு முழுக்கப் பனியில் கழி குத்திப் பார்த்தார்கள். நாய் வந்த வழியில்தானே ஆள் இருப்பான்? இல்லை. ஆளும் இல்லை, ஆடும் இல்லை.

இன்று இரண்டு பருந்துகள் அந்தச் சரிவின் மேல் சுற்றிக்கொண்டிருந்தன. எதைத் தேடுகின்றன? கல்லை எடுத்தேன். எறிந்தால் எட்டுமா என்ன. ஆனாலும் எறிந்தேன்.

பிப்ரவரி 10

ஒரு கிழட்டு ஆடு செத்துவிட்டது. புதைத்தேன். மண் இரும்பாக இருக்கிறது. புதைத்தேன்.

பிப்ரவரி 17

சேப்பலுக்குப் போனது தப்பு. பாட்டு முடிந்து வாசலில் நிற்கும்போது தபால் ஆபீஸ் மகளிர் இரண்டு பேர் என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். இத்தெல் கடல் தாண்டிப் படகோனியா போய்விட்டானாம். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் அங்கே உண்டு. இரண்டு கோப்பை உள்ளே போனால், அங்கே மழையே கிடையாது, வேலியே கிடையாது என்று இத்தெல் பேசுவான். அதை மதுக்கடையில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"லிவர்பூல்ல கப்பல் ஏறினதைப் பாத்தவங்க இருக்காங்களாம்."

பாத்தவங்க! யாரு பாத்தாங்க? பேர் சொல்லுங்களேன் பாப்போம் — என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? உண்மையாக இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றியதால்தான்.

அவன் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. பெட்டி இல்லாமலும் போகிறவன்தான் அவன். உயிரோடு இருந்து என்னை விட்டுப் போனானா, என்னை விட்டுப் போகாமல் செத்தானா? இந்த இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 3

கெல்லிப் பண்ணை தெக்வின் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் நிலம். நானும் இத்தெலும் கல்யாணம் ஆகாதவர்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்து கிழவனான ஆள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இத்தெல் போனதிலிருந்து துக்க வீட்டுக்கு வந்தவன் போலத் தொப்பியைக் கழற்றுகிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவனுடைய ஓக் காட்டில் செம்பருந்து கூடு கட்டுகிறதாம். அரிதாகிவிட்ட பறவை, முட்டைத் திருடர்கள் வருவார்கள் என்று போன வாரம் காட்டைச் சுற்றிக் கம்பி போட்டுவிட்டானாம். ஒரு ஈ காக்காய் உள்ளே போகக் கூடாது.

"இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் லினெட். போதகருக்குக்கூடத் தெரியாது."

"அந்தப் பொணந்தின்னிக்குக் காவலா? வேற வேலை இல்ல உனக்கு?"

"நீ செத்த ஆட்டுக்கெல்லாம் குழி வெட்டுறியாமே. ஆட்டுக்குக் கல்லறை கட்டுற ஒரே ஆளு நீதான்மா. அடுத்து பாட்டும் பாடுவியா?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். போகட்டும். என் நிலத்தில் செத்தது எதையும் அந்தப் பருந்துக்குக் கொடுக்கமாட்டேன். மண்வெட்டி உடைந்தாலும் சரி.

மார்ச் 20

சாயங்காலம் விசில்.

நீண்டு, நடுங்கி, கடைசியில் மேலே ஏறுகிற விசில். இத்தெல் மோட்டைக் கூப்பிடுகிற மாதிரியே. மோட் எழுந்து முற்றத்துக்கு ஓடினான். நான் செருப்பு இல்லாமல் ஓடினேன். பேர் சொல்லிக் கத்தினேன் — எத்தனை தடவை என்று தெரியாது.

கொட்டகைக் கூரைக்கு மேலே ஒரு பறவை. மறுபடியும் விசில் அடித்தது.

மோட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

மார்ச் 23

கூட்டைக் காவல் காக்கிற பெண் மெய்னிர் வந்தாள். பருந்துப் பாதுகாப்பு இயக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும், காலில் ஆண் பூட்ஸ். என் வயல் ஓரத்திலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பாரு, ஆனால் விசில் அடிக்கிறது எது என்று எனக்குக் காட்டு என்றேன்.

"வாலைப் பாருங்க அக்கா. கவை மாதிரி பிளந்திருந்தா செம்பருந்து. மொட்டையா, விசிறி மாதிரி இருந்தா மத்த பருந்து, அது பூனை மாதிரிதான் கத்தும்."

பார்த்தேன். வால் மட்டும் தனியாக முறுக்கித் திரும்புகிறது, படகின் சுக்கான் போல. இறக்கை அசையவே இல்லை. வெயில் பட்டதும் வால் துருப்பிடித்த ஆணியின் நிறம். இறக்கைக்கு அடியில் வெள்ளைத் திட்டு. தலை வெளுத்துப்போயிருந்தது. அழகாக இருக்கிறது என்று மெய்னிர் சொன்னாள். அழகாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனது.

ஏப்ரல் 4

ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. தனி ஆளாக முடியவில்லை. தெக்வின் வந்து நிற்கிறான், கூப்பிடாமலே.

பருந்து குட்டியைத் தூக்கும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இன்று பக்கத்திலிருந்து பார்த்தேன். ஈரம் காயாத குட்டிக்கு ஓர் அடி தள்ளி இறங்கியது. குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நஞ்சுக்கொடியைக் கவ்வியது, போய்விட்டது. பிறகு உழுத நிலத்தில் கோழி மாதிரி நடந்து புழு பொறுக்கியது. இத்தனை பெரிய இறக்கையை வைத்துக்கொண்டு புழு!

மெய்னிர் சொன்னாள், அதன் அலகுக்கும் காலுக்கும் பலம் கிடையாதாம். செத்த ஆட்டின் தோலைக்கூட அதனால் கிழிக்க முடியாது. அண்டங்காக்கையோ நரியோ கிழித்துவிட்டுப் போகும்வரை காத்திருக்கும்.

அப்போது கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்தது.

"மனுஷனையும் தின்னுமா?"

அவள் தொலைநோக்கியைக் கீழே வைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அதுக்கு ஆளும் தெரியாது, பேரும் தெரியாது அக்கா. கெடக்கிறதைத்தான் எடுக்கும். எதையும் கொல்லாது."

ஏப்ரல் 22

துணிக்கொடியிலிருந்து ஒரு காலுறையைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது! என் கண்முன்னே! குடை எடுத்துக்கொண்டு வயல் நெடுக ஓடினேன். தெக்வின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"கூட்டை ஜோடிக்கக் கொண்டுபோவுது. போன வருஷம் எங்க வீட்டம்மாவோட உள்பாவாடை அங்க கொடி மாதிரி பறந்துச்சு. யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

எனக்கும் சிரிப்பு வந்தது, ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அது இத்தெலின் காலுறை என்று தெக்வின் கவனித்துவிட்டான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தம்பியின் துணியைத் துவைத்துப் போடுகிறேன். அழுக்கே இல்லாத துணியை. வந்தால் போட்டுக்கொள்ள வேண்டாமா?

தெக்வின் தொப்பியைக் கழற்றினான். கழட்டாதடா, மண்டையில வையி அதை என்று கத்திவிட்டு உள்ளே வந்தேன்.

மே 12

விசில். மோட் மட்டும் எழுந்தான். நான் எழவில்லை. எழாமல் இருப்பதுதான் அதிகக் கஷ்டம்.

ஜூன் 15

எப்படி எழுதுவது.

குஞ்சுகளுக்குக் கால் வளையம் போடுகிறோம், வந்து கோணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மெய்னிர் கூப்பிட்டாள். தெக்வின் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, ஓக் காட்டுக்குள் குனிந்து போனேன். அவள் மரம் ஏறி இரண்டு குஞ்சுகளைப் பையில் போட்டு இறக்கினாள். புல்லில் விட்டதும் இரண்டும் செத்துக் கிடந்தன. கழுத்து தொங்கிவிட்டது, கண் பாதி மூடிவிட்டது. ஐயோ, கொன்னுட்டோமே என்று கத்தினேன். தெக்வின், "நடிக்குதும்மா. ஆளைக் கண்டா இப்படித்தான் செத்த மாதிரி கெடக்கும். விட்டா எந்திரிச்சுக்கும்" என்றான்.

செத்த மாதிரி. விட்டால் எழுந்துகொள்ளும். அந்த வார்த்தையிலேயே நான் பாதி உடைந்துவிட்டேன்.

கூட்டில் குப்பை சேர்ந்திருக்கிறது, குஞ்சின் காலில் சிக்கும் என்று மெய்னிர் மேலிருந்து கொஞ்சம் அள்ளிப் போட்டாள். உரச்சாக்குத் துண்டு. முயல் கால். கயிறு. காலுறை. அப்புறம் ஒரு கையுறை. சாம்பல் நிறம், கட்டைவிரல் மட்டும் பழுப்பு. நூல் தீர்ந்துபோய் இத்தெலுக்கு நான் பழுப்பில் பின்னி முடித்தது.

தெக்வின் உடனே, "கொடியிலேருந்து தூக்கியிருக்கும் லினெட். காலுறையைத் தூக்கலியா? அதுதான்" என்றான். மூன்று தடவை சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தெல் கையுறையைத் தொலைக்காத மாதமே கிடையாது. எங்கே கிடந்ததோ.

பிறகு கம்பளி விழுந்தது. கூட்டுக்கு மெத்தையாகப் போட்டிருந்த கம்பளி, கைப்பிடி கைப்பிடியாக.

ஊதா.

எங்கள் ஆட்டுக்கு அப்பா காலத்திலிருந்து நீல அடையாளம். போன இலையுதிர் காலத்தில் கடையில் நீலம் தீர்ந்துவிட்டது என்று இத்தெல் ஊதா வாங்கி வந்து மந்தை முழுக்கப் பூசினான். "உங்க ஆடெல்லாம் ஊதா அங்கி போட்ட பிஷப் ஆயிடுச்சா?" என்று சந்தை முழுக்கச் சிரித்தது. இந்த மலையில் வேறு யாருக்கும் ஊதா கிடையாது. எங்கள் ஆடு ஓடைக்கு அந்தப் பக்கம் போகவே போகாது, தாய் மேய்ந்த இடத்தில்தான் மேயும். என் பக்கம் செத்ததையெல்லாம் நான் புதைத்துவிட்டேன்; இவ்வளவு கம்பளி, இத்தெல் தேடிப்போன ஆடுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

தெக்வின் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவனும் ஆடு வளர்க்கிறவன். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

மெய்னிரிடம் கேட்டேன், குஞ்சு இருக்கும்போது எவ்வளவு தூரம் போகும்?

"அதிகம் போகாது அக்கா. கம்பளியெல்லாம் பக்கத்துலேயே எடுத்ததுதான்."

ஜூன் 16

விடியுமுன் புரிந்தது. நாய்.

குட்டியாக இருந்தபோது, ஓடைப் பக்கம் இருக்கிற கீழ்க் கதவுக்கு வெளியே லாரிச் சாலை என்பதால், தனியாக அந்த வழியே வரவே கூடாது என்று இத்தெல் மோட்டைப் பழக்கினான். ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டாலும் மலையையே சுற்றி மேல் கதவுக்குத்தான் வருவான். வந்திருக்கிறான். மலையையே சுற்றி, பனியில், பாதம் கிழிய. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான். நாங்கள் எல்லோரும் ஆடு மேய்க்கிறவர்கள், நாய் வந்த திசையை நம்பினோம். பட்டணத்துக்காரன் எவனாவது இருந்தால் நாலு பக்கமும் தேடியிருப்பான்.

பனி ஓடையையும் மதிலையும் மூடினால் ஆடு அதன் மேலேயே நடந்து அந்தப் பக்கம் போய்விடும். அவனும் பின்னால் போயிருக்கிறான்.

தெக்வினும் நானும் மோட்டும் போனோம். ஓக் காட்டின் மேல் விளிம்பில், பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இடம். கம்பிக்கு உள்ளே. மோட் முதலில் போய் உட்கார்ந்தான்.

என்ன இருந்தது என்று எழுதமாட்டேன். பூட்ஸ் இருந்தது. கைத்தடி இருந்தது. சுற்றிலும் ஆடுகளின் எலும்பு, ஊதாக் கம்பளி. காற்றுக்கு மறைவாக அவற்றை ஒட்டிப் படுத்திருக்கிறான். தனியாக இல்லை.

படகோனியா போகவில்லை. என்னை விட்டுப் போகவில்லை. அதை நினைத்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். என்ன பிறவி நான்! — தம்பி செத்துக் கிடக்கிறான், எனக்குச் சந்தோஷம்.

தெக்வின் பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு, "கம்பி போட்டு மூடினது நான்தானே. ஒரு பறவைக்காக" என்று அழுதான். எனக்குக் கோபம் வந்தது. அவனை அடிக்கக்கூடச் செய்வேன் என்றிருந்தது. தொப்பி கீழே கிடந்தது. எடுத்து அவன் தலையில் வைத்தேன்.

ஜூன் 17

பருந்துகள் எதைத் தின்றன என்று எனக்குத் தெரியும். இன்று மேலே சுற்றின. கல் எடுக்கவில்லை.

ஜூன் 22

அடக்கம். கூட்டம் சேப்பலில் கொள்ளவில்லை. தபால் ஆபீஸ் மகளிர் பழ ரொட்டி கொண்டுவந்து கண்ணைக் கசக்கினார்கள். கப்பல் ஏறினதைப் பாத்தவங்க வந்திருக்காங்களா என்று கேட்டேன். பாட்டு மட்டும் நன்றாக இருந்தது. தெக்வினின் குரல் இரண்டாவது வரியில் நின்றுவிட்டது.

ஜூன் 24

திங்கட்கிழமை. என் துணி மட்டும் துவைத்தேன். கொடி பாதிக்குமேல் காலி.

நவம்பர் 8

காலையில் மேல் வயலில் ஊதா அடையாளம் போட்ட ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. முதுகில் நிறம் மங்கிவிட்டது. தெக்வின் சொல்லாமலே மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"எங்க வெட்டட்டும்?"

"வேணாம். கெடக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். கிண்டல் ஏதாவது செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. ஆட்டின் காலைப் பிடித்து இருவரும் பாறைப் பக்கம் இழுத்துப் போட்டோம், பறவைக்கு இறங்க வசதியாக.

அண்டங்காக்கைகள் முதலில் வந்தன. பருந்துகள் மேலே காத்திருந்தன. நாங்கள் திரும்பி நடக்கும்போது பின்னால் விசில் கேட்டது. மோட் நின்றான். நானும் நின்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

வால் பிளந்திருந்தது. செம்பருந்துதான். வீட்டுக்கு வந்துவிட்டோம்.