தொய்ந்த கயிறு

லாயம்,
மார்ச் 3

என் வீட்டுக்காரிக்கு,

நலம் விசாரிக்கிற உறவு நமக்குள் இப்போது இல்லை என்று உன் அக்கா போனில் சொல்லிவிட்டாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சீமாட்டியை விற்கப் போகிறேன். நீ போனதிலிருந்து அந்தக் குதிரை என் உயிரை வாங்குகிறது. நான் உள்ளே கால் வைத்தாலே காதை மடக்கிக்கொண்டு பின்புறத்தைக் காட்டுகிறது. லாயக்காரன், "முதலாளி, நீங்க வெளியவே நில்லுங்க, நான் புல்லு வச்சிட்டு வந்துடறேன்" என்கிறான். என் லாயத்தில் என்னையே! ஒற்றைக் குதிரையோடு சந்தை வாசலில் நின்று ஆரம்பித்தவன் நான். இன்று ஒரு வரிசையே நிற்கிறது. இது ஒன்றுக்குத்தான் நான் ஆகவில்லை.

பல் டாக்டர் ஒருவர் தன் மகள் ஏறிப் பழகச் சாதுவான குதிரை கேட்கிறார். அவர் பார்க்க வரும் அன்று நீ வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். உன் கைக்கு நிற்கும். டாக்டர் வேண்டாமென்றால் செங்கல் சூளைக்காரன் பாரம் இழுக்கக் கேட்டிருக்கிறான். அங்கே போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மிரட்டவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

உன் கணவன்

அக்கா வீடு,
மார்ச் 9

முதலாளிக்கு வணக்கம்.

மிரட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறீர்கள்.

என் கைக்கு எங்கே நின்றாள்? வாசலில் உங்கள் ஹாரன் கேட்டால் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு எகிறுவாளே, மறந்துவிட்டதா? "இதுவும் உன்ன மாதிரியே லூசு" என்று ஆட்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பீர்கள். அவளுக்கு உங்கள் ஹாரன் ஒரு பொருட்டே இல்லை. இறுகியது என் கைதான். சந்தையில் லாபமா நஷ்டமா, இன்றைக்கு யாருக்குத் திட்டு என்று பயம் வந்துவிடும். அது கயிறு வழியாக அவளுக்குப் போய்விடும். முகத்தில் சிரிப்போடுதான் நிற்பேன். உங்களை ஏமாற்ற முடிந்தது, அவளை முடியவில்லை.

வருகிறேன். உங்களுக்காக இல்லை, அவள் சூளைக்குப் போகக் கூடாது என்பதற்காக. மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். விவாகரத்துப் பத்திரத்தை மறுபடியும் கொண்டு வருகிறேன். இந்த முறையாவது கையெழுத்துப் போடுங்கள்.

நான்

லாயம்,
மார்ச் 13

கோபக்காரிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் தொழிலில் ஒன்று பார்த்துவிட்டேன். விலை அநியாயம் என்று சண்டை போடுகிறவன் வாங்குவான். திருட்டுப்பயலே என்று திட்டிவிட்டுப் போகிறவன்கூடத் திரும்பி வருவான். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று பேசிவிட்டுப் போகிறான் பார், அவன்தான் வரமாட்டான். உன் கடிதம் முழுக்கச் சண்டை. எனக்கு அது போதும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். டாக்டர் வரும் அன்றைக்கும் வாசலில் ஹாரன் அடிப்பேன். பயமோ வெறுப்போ, என் பேரில் உனக்கு ஏதாவது மிச்சம் இருந்தால் சீமாட்டி எகிறுவாள். நீ மறைத்தாலும் அவளிடம் பலிக்காது, நீயே எழுதியிருக்கிறாய். டாக்டர் ஓடிப்போனால் போகட்டும். சூளைக்கும் கொடுக்கமாட்டேன். நீ அந்த மாலை பஸ்ஸை விட்டுவிடு, உட்கார்ந்து பேசலாம். எகிறாவிட்டால் பத்திரத்தை வைத்துவிட்டுப் போ.

சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டேன். இப்போது சொட்டுவதில்லை.

உன் கணவன்தான், இன்னும்

லாயம்,
மார்ச் 20

அம்மணிக்கு,

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

டாக்டரையும் அவர் மகளையும் என் வண்டியிலேயே கூட்டிவந்தேன். வாசலில் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தேன். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். இறங்கும்போது கதவையும் ஓங்கிச் சாத்தினேன். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். சீமாட்டி புல்லை மென்றுகொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. உன் கையைப் பார்த்தேன். பிடித்திருந்த கயிறு தொய்ந்து தரையைத் தொட்டுக் கிடந்தது.

"வந்துட்டீங்களா? வெயில் ஜாஸ்தியா இருக்கு. பாப்பாவுக்கு முதல்ல தண்ணி குடுங்க" என்றாய். யாரோ ஒரு ஆளிடம் சொல்வது போல.

அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து, "ஆன்ட்டி, இவ எப்பவுமே இவ்ளோ சாதுவா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. இப்பத்தான்."

நீ எனக்காக அதைச் சொல்லவில்லை என்று தெரியும். அதுதான் உறைத்தது. டாக்டர் பேரமே பேசவில்லை. இவ்வளவு சுலபமாக நான் குதிரை விற்றதே இல்லை.

நீ பஸ் ஏறிய பிறகு சீமாட்டியை வண்டியில் ஏற்ற நானே போனேன். காதை மடக்கினாள், பல்லைக் காட்டினாள், என் சட்டைக் கையைக் கவ்விக் கிழித்தாள். லாயக்காரன் சாட்டையை ஓங்கினான். "விடுடா, அவளுக்காவது இருக்கட்டும்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அவளும் போய்விட்டாள். இப்போது நான் உள்ளே போனால் எல்லாக் குதிரையும் பேசாமல் புல் தின்கிறது.

இப்படிக்கு,
குதிரை வியாபாரி