ஷேரூவுக்கு முப்பது சில்வண்டு

ராணிப்பேட்டை விடுதி
4 ஆகஸ்ட் 2024

அன்பு அம்மிக்கு,

ஹஃப்ஸாவின் ஸலாம். இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் உங்கள் தலையில் பூச்சி வளர்க்கும் வேலையைக் கட்டியது அநியாயம்தான். அப்பா மறைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ஷேரூவும் மோத்தியும் அவர் முதலாளி வீட்டில் முட்டை பொரித்து வந்த ஓணான் குட்டிகள் என்று கடைசியாக என் கையில் கொண்டுவந்து கொடுத்தவை. உங்களை விட்டால் அவற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

தாடி ஓணான் குட்டிக்குப் பூச்சிதான் சோறு. அதன் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சியைப் போடாதீர்கள், உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சில்வண்டு போதும். மஞ்சள் புழுவின் ஓடு தடிப்பு, குட்டிகளுக்குச் செரிக்காது. பூச்சிகளுக்கு முதலில் காரட், கீரை கொடுங்கள். அவை தின்றதுதான் ஓணானுக்கும் போய்ச் சேரும். போடும் முன் கால்சியம் பொடி தூவ மறக்க வேண்டாம்.

இங்கே நுழைவுத் தேர்வுக் கோச்சிங், விடுதி எல்லாம் நலம்.

உங்கள் ஹஃப்ஸா


ஆம்பூர்
11 ஆகஸ்ட் 2024

என் கண்ணு ஹஃப்ஸாவுக்கு,

அம்மியின் ஸலாமும் துஆவும். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாத எனக்குத் துணையாக மூவாயிரம் பூச்சியை விட்டுப் போயிருக்கிறாயே, நீ நல்லா இருப்பாய்! அவை கத்துகிற கத்தலில் நான் ஓதுவது எனக்கே கேட்பதில்லை.

உன் பிள்ளைகள் ஆளுக்கு முப்பது என்று நாளைக்கு அறுபது தின்கின்றன. பக்கத்து வீட்டு சைரா பாலாற்றங்கரையிலிருந்து வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வந்தாள். போடலாமா?

சாச்சா வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடியே, "ஹஃப்ஸா டாக்டராவணும்றது அண்ணனோட ஆசை பாபி. இன்னா ஆனாலும் நடுவுல கூட்டிக்கினு வந்துடாதீங்க" என்றார். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் அம்மி,
நசீமுன்னிசா


ராணிப்பேட்டை விடுதி
1 செப்டம்பர் 2024

அன்பு அம்மிக்கு,

வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம். வயலில் என்ன மருந்து அடித்தார்கள், வாய்க்காலில் என்ன தண்ணீர் ஓடியது என்று யார் கண்டது? வீட்டில் வளர்ந்ததை மட்டும் போடுங்கள்.

போன வாரம் எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்த்து வார்டன் கிழித்துவிட்டார். வீட்டுக்குக் கவலை தரும்படி எழுதக் கூடாதாம்; இந்த விதியை வீட்டுக்கும் சொல்லிவிடச் சொன்னார். பூச்சியைப் பற்றி எழுதினால் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் பூச்சியைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரே டப்பாவில் ஜாஸ்தி சில்வண்டு போடாதீர்கள். முட்டை அட்டைகளை நிறைய நிறுத்தி வையுங்கள். ஒளிய இடம் இல்லாவிட்டால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். சிலது மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிரில் காரட் இருந்தாலும் தொடாது. அதைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுங்கள் அம்மி. அப்படியே விட்டால் பிழைக்காது.

எங்கள் அறையில் பதினாறு பேர். படிப்பு நன்றாகப் போகிறது.

உங்கள் ஹஃப்ஸா


ஆம்பூர்
15 செப்டம்பர் 2024

என் கண்ணு ஹஃப்ஸாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ சொன்னபடி டப்பாவை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஈர மணலில் முட்டையிட்டு எறும்பு அளவில் குஞ்சுகள் வந்திருக்கின்றன. உன் அம்மி இப்போது பெரிய பண்ணைக்காரி!

கால்சியம் பொடி தீர்ந்துபோனது. நானே சமாளித்தேன். பிள்ளைகள் நலம். தினமும் முப்பது போடுகிறேன், ஒன்றுகூட மிச்சம் வைப்பதில்லை.

மாதம் ஒருமுறை வரும் போனில் ஏன் நீ பேசவே மாட்டேன் என்கிறாய்? வார்டன் பக்கத்தில் நின்றால் என்ன, என்னிடம் பேசினால் குற்றமா?

உன் அம்மி,
நசீமுன்னிசா


ராணிப்பேட்டை விடுதி
29 செப்டம்பர் 2024

அன்பு அம்மிக்கு,

முன்பு அறுபது என்று எழுதினீர்கள். குட்டிகள் வளர்ந்த பிறகு முப்பது என்கிறீர்கள். யார் போனது? ஷேரூவா, மோத்தியா?

கோபம் இல்லை. ஆனால் பொய் சொல்லாதீர்கள். எல்லாம் நலம் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

ஹஃப்ஸா


ஆம்பூர்
12 அக்டோபர் 2024

என் கண்ணு ஹஃப்ஸாவுக்கு,

மோத்தி போய்விட்டது. நான்தான் கொன்றேன்.

சைராவிடம் கால்சியம் வேண்டும் என்றேன். "கால்சியம்னா இன்னாக்கா, சுண்ணாம்புதானே? உங்க வூட்லயே கீதே" என்றாள். சுவருக்கு அடிக்க உன் அப்பா தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த டப்பா பரணில் இருந்தது. இருபது வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்த அவர் கால்களுக்கு எண்ணெய் தடவியவள் நான். அந்தச் சுண்ணாம்பைப் பூச்சிமேல் தூவினேன். முதலில் தின்றது மோத்தி. வாய் வெந்து இரண்டாம் நாள் இறந்தது. கொல்லையில் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கு தைரியம் இல்லை. மன்னித்துவிடு கண்ணு.

ஷேரூ நன்றாக இருக்கிறது. சைராவை விட்டே சரியான பொடியை வரவழைத்தேன்.

நீ மறைத்ததையும் சொல்கிறேன். மூலையில் உட்கார்ந்திருக்கும் சில்வண்டு யார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சாச்சாவுக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. வீட்டுக்குள் இருப்பது உன் அப்பாவுக்கு நான் செய்யும் மரியாதை. அதற்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது. உன்னை அடைத்து வைத்திருப்பதற்கு யார் நாள் குறித்தார்கள்?

புதன்கிழமை என் இத்தா முடிகிறது. சாச்சாவிடம் சொல்லிவிட்டேன். கத்தினார், கத்தட்டும். டாக்டர் நுழைவுத் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம், வேறு படிக்கலாம், கொஞ்ச நாள் சும்மாவும் இருக்கலாம்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வார்டன் அம்மாவுக்கும் என் ஸலாம். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து கேட்டில் நிற்பேன். என் மகளின் பெட்டியையும் மெத்தையையும் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

உன் அம்மி,
நசீமுன்னிசா